ரீப்ளே சாரின் கைதட்டல்

தாம்பரம் வட்டாரத்தில் தோற்ற டீம் என்று ஒன்றே இல்லாமல் செய்தவர் ரீப்ளே சார். எந்த மைதானத்தில் யார் யாரிடம் எப்படி உதை வாங்கியிருந்தாலும், அவரிடம் கேசட் வாங்கியவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள்தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கடை போர்டில்கூட அது இல்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஒற்றை அறை. அதுதான் ஸ்டூடியோ, அதுதான் வீடு. முதலில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஓடுவதில்லை, தாவுவதில்லை, இதில் படம் பிடிக்க என்ன இருக்கிறது என்று ஒருநாள் அதை விட்டார். டி.வி.யில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் விக்கெட்டைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களே, பொழிச்சலூர்ப் பையன் எடுத்த விக்கெட் மட்டும் என்ன பாவம் செய்தது என்பது அவர் கட்சி. அதற்காகவே விளையாட்டு கேசட் வியாபாரத்தில் இறங்கினார்.

தோளில் தூக்கி வைக்கும் காமிரா, இரண்டு வி.சி.ஆர்., ஒரு கலர் டி.வி., சத்தத்தைக் கலக்க ஒரு சின்ன மிக்சர். இவ்வளவுதான் முதல். ஒரு வி.சி.ஆரில் மேட்ச்சை ஓட்டி, வேண்டிய இடத்தை மட்டும் இன்னொன்றில் பதிவு செய்வதுதான் அப்போது எடிட்டிங். ஓட்டுகிற மெஷினுக்கு மூத்தவன் என்றும் பதிகிற மெஷினுக்கு இளையவன் என்றும் பெயர் வைத்திருந்தார். மூத்தவனுக்குச் சளி பிடித்திருக்கிறது என்றால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் தூசி என்று பொருள். ஸ்பிரிட்டும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

கடைசியாகக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் தனி மரியாதை. அறையிலிருந்த ஒரே டேபிள் ஃபேன் அதைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும். நமக்குக் காற்று வேண்டுமென்றால் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளலாம்.

அந்தக் கம்ப்யூட்டருக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார். ஸ்கோரையும் ஆட்டக்காரர் பெயரையும் படத்தின் மேல் எழுத்தாக ஓட்டும் சாஃப்ட்வேர் அதில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கியதோடு கம்ப்யூட்டரும் படித்திருந்தேன். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வேன். முதல் நாளே அவரிடமும் சொன்னேன். அன்றிலிருந்து என் பெயர் 'டிகிரி'. முடிச்சூரில் செங்கல் சூளை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்குத்தான் இந்த உத்தியோகம் பிடிபடவில்லை. "பசங்க பந்து ஆடறத டி.வி.ல பாக்கறதுக்காம்மா இம்மாம் படிப்பு படிச்ச?" என்றார்.

ரீப்ளே என்ற பெயர் வந்தது நான் சேர்வதற்கு முன்னால். பொழிச்சலூரில் ஒரு கிரிக்கெட் மேட்ச். கடைசிப் பந்தில் பொழிச்சலூர் பேட்ஸ்மேனின் ஸ்டம்ப் பறந்தது. தாம்பரம் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தபோது சார் காமிராவோடு பிட்ச்சுக்குள் போய் நின்றார். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டாராம்.

"தம்பி, கோச்சுக்காத. இன்னொரு வாட்டி அவுட் ஆயிடு."

"இன்னாண்ணா, நக்கலா கீதா?" என்று கேட்டாலும் அவன் நல்ல பையன். திரும்பி வந்து மட்டையைத் தட்டி நின்றான். பௌலரும் போட்டான். அந்தப் பந்து மதில் தாண்டித் தென்னந்தோப்பில் போய் விழுந்தது. சிக்ஸர். இதுதான் கணக்கு என்றது பொழிச்சலூர். முதல் பந்துதான் கணக்கு என்றது தாம்பரம். ஸ்டம்புகளைப் பிடுங்கினார்கள், ஆனால் ஆட்டத்தை முடிப்பதற்காக அல்ல.

அடிதடி ஓய்ந்ததும் சார் பௌலரைத் தனியாக அழைத்து, பேட்ஸ்மேனே இல்லாமல் ஸ்டம்பை மட்டும் சாய்க்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். தாம்பரத்துக்குப் போன கேசட்டில் ஸ்டம்ப் பறந்தது. பொழிச்சலூர் கேசட்டில் சிக்ஸர் பறந்தது. இரண்டு ஊரும் கேசட்டைப் போட்டு விசிலடித்தன. அன்று முதல் ஒரு மேட்ச்சுக்கு இரண்டு கேசட். "ஜெயிச்சவனுக்குத்தான் கப்பு இருக்கே. தோத்தவனுக்குத்தான் கேசட் வேணும்" என்பார்.

இதில் ஒரே ஒரு குறை. எங்கள் பக்கத்து மைதானங்களில் கூட்டம் இருக்காது. ரெண்டு எருமை மேயும், ஒரு ஐஸ் வண்டி நிற்கும். அதனால் ஓர் ஆடியோ கேசட்டிலிருந்து கைதட்டலை எடுத்து எல்லா மேட்ச்சிலும் சேர்ப்பார். வாலிபாலா, கபடியா, கிரிக்கெட்டா, ஒரே கைதட்டல்தான். அந்தக் கைதட்டலின் நடுவில் ஒரு சின்னப் பெண் கத்துவாள்: "அப்பா, இங்க பாருப்பா."

மத்தியானம் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தக் கேசட்டை ஓட விடுவார். கீழே சைக்கிள் கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, "மேல இன்னா மேட்ச்சு?" என்று கேட்பார். மேலே மேட்ச் எதுவும் இருக்காது. ஒரு மனிதர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், ஒரு கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும். தீபாவளி மறுநாள் நான் பலகாரம் கொண்டுபோனபோதும் அதே கைதட்டல் மாடிப்படி வரை கேட்டது.

யார் சார் இந்தப் பாப்பா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் மூத்தவனின் ஹெட்டைத் துடைத்தபடியே சொன்னார்.

"என் பொண்ணு. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே. நான் ஓட்டப் பந்தயத்து ஃபினிஷ எடுத்துட்டிருந்தேன். பின்னால லெமன் ஸ்பூன்ல ஜெயிச்சுட்டுக் கூப்புட்டா. திரும்பினா ஷாட் ஆடிடும்ல. திரும்பல."

அந்த வருஷமே அவர் மனைவி, காமிராவோடயே குடும்பம் நடத்துங்க என்று சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டார். சார் தேடிப் போனபோது மகள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லையாம். "அவ படம் என்கிட்ட இல்ல. சத்தம் மட்டும் இருக்கு" என்றார். ஊரில் எல்லோரையும் படம் பிடித்தவரிடம் அது ஒன்றுதான் இல்லை.

அந்தச் சத்தத்துக்குத்தான் ஆபத்து வந்தது. முடிச்சூர் கபடிக் குழுவின் செயலாளர் ஒரு பெரிய டோர்னமென்ட் முழுவதையும் சாருக்குக் கொடுப்பதாக இருந்தார். அதுவரை அத்தனை பெரிய வேலை அவருக்கு வந்ததில்லை. முதல் நாள் ஆட்டத்தின் கேசட்டைப் பார்த்துவிட்டுச் செயலாளர் மாடியேறி வந்தார்.

"இன்னா சார், எந்த மேட்ச்சப் போட்டாலும் அதே பாப்பா அப்பாவக் கூப்ட்டுகினே கீது. பாக்கறவன்லாம் சிரிக்கிறான். அந்தக் கொரலத் தூக்கு. இல்லாங்காட்டி வேற ஆளுகிட்ட குடுத்துர்றேன்."

தூக்குவது கஷ்டமே இல்லை. பாப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் நிறுத்திவிட்டால் போதும். சார் அன்று முழுவதும் அந்த ஆடியோ கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூத்தவனுக்குச் சுவிட்சுகூடப் போடவில்லை.

படித்தவள் நான், ஒரு வழி கண்டுபிடித்தேன். முகம் தெரியாமல் குரல் மட்டும் வருவதால்தானே சிரிக்கிறார்கள்? முடிச்சூர் டோர்னமென்டுக்கு அதிசயமாகக் கூடியிருந்த கூட்டத்தில் ஒரு குழந்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்து கத்தும் ஷாட் இருந்தது. அதைக் குரலோடு சேர்த்துவிட்டு, பெருமையாக அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

அவர் எழுந்து டி.வி.யை அணைத்தார். "வேற பாப்பா வேணாம்மா" என்றார். அன்று ஒருநாள்தான் அவர் என்னை டிகிரி என்று கூப்பிடவில்லை.

மறுநாள் அரையிறுதி. எனக்கும் காமிரா சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். யாரையும் தொட விடாதவர், என்ன நினைத்தாரோ, அவரே என் தோளில் ஏற்றி வைத்தார். பிறகு கோட்டோரம் போய் நின்றார். தோளில் பாரம் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கட்டினார், அவிழ்த்தார், பின்னால் கோத்துக்கொண்டார். அவர் முதுகைப் பார்த்துக் காமிராவைத் திருப்பி, "சார், இங்க பாருங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பினார். திரும்பியவர் ஏதோ கேட்டார். அதையும் எடுத்தேன்.

செயலாளர் வந்தபோது அரையிறுதியைப் போட்டேன். ஆட்டம், கைதட்டல், நடுவில் பாப்பாவின் குரல். உடனே கோட்டோரம் நிற்கும் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். அந்த இடத்தை மட்டும் மூத்தவனை மெதுவாக ஓட்டிப் பதிந்திருந்தேன். உதடு அசைகிறது. வந்துட்டேம்மா என்று சொல்வதுபோலவே இருக்கிறது.

செயலாளர் டி.வி.யைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். "உம் பொண்ணா அது? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். "கெடக்கட்டும் வுடு. ஃபைனலுக்குச் சீக்கிரமா வந்துரு."

அவர் படி இறங்கிய பிறகு சார் கேசட்டைப் பின்னால் ஓட்டினார். பார்த்தார். மறுபடியும் ஓட்டினார்.

"டிகிரி."

"சார்."

"அன்னிக்கு நீ கூப்புட்டுத் திரும்பினப்ப லென்ஸ் மூடி எங்கன்னுதானே கேட்டேன். அது கடைசில எங்கதான் இருந்தது?"

"உங்க சட்டைப் பையிலதான் சார்."

அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, அந்த டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டரிடமிருந்து என் பக்கம் திருப்பி வைத்தார். மெஷின் சூடாகிவிடும் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். பாப்பா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டி.வி.யில் அவர் இன்னொரு தடவை திரும்பினார்.