தலையணைப் பிரசவம்

குஞ்சம்மாளின் வயிறு தொடைக்கு இறங்கிவிட்டது. ஜீப்போ முதல் மரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"மேல இழுங்கக்கா," என்று பதறினாள் ஜூலியா.

"இன்னாத்த இழுக்கறது? இந்தச் சடையன் வளைவுக்கு வளைவு ஒரு குலுக்கு குலுக்கறான். நெசமான புள்ளயா இருந்தாலும் எறங்கித்தான் போவும்," என்றபடி குஞ்சம்மாள் சேலைக்குள் கையை விட்டுத் தலையணையை மேலே ஏற்றி, முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

குஞ்சம்மாளுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. பேரன் பேத்தி எடுத்தவள். வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கி, துணி அலசி, வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது அவள் வேலை. அப்படிப்பட்டவள் நிறைமாதக் கர்ப்பிணியாகி மலை இறங்குவதற்குக் காரணம், நர்ஸ் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கும் ஜூலியாவின் கைகள்.

அந்தக் கைகளைக் குறை சொல்ல முடியாது. அழுகிற குழந்தைக்கு அவள் ஊசி போட்டால், குழந்தைக்கு விஷயம் தெரிவதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். புண்ணுக்குக் கட்டுப் போட்டால் ஆறுகிறவரை அவிழாது. ஆனால் பக்கத்தில் ஒருவர் கையில் பேனாவோடு நின்று பார்த்தால் போதும், விரல்கள் தந்தி அடிக்க ஆரம்பித்துவிடும். முதல் செய்முறைப் பரீட்சையில் தெர்மாமீட்டர் உடைந்தது. இரண்டாவதில் மருந்துத் தட்டு பரீட்சை எடுக்க வந்த அம்மாளின் காலிலேயே விழுந்தது. பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பாடம் எடுக்கும் ஆனந்தமேரி சிஸ்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது முறையும் போனால் பள்ளியில் இடம் கிடையாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கரும்பு வெட்டும் கூலியில் மகளைப் படிக்க வைத்த அப்பா ராயப்பனிடம் அதற்குப் பிறகு அவள் சொல்ல எந்தச் சமாதானமும் இல்லை.

அந்த மூன்றாவது பரீட்சை இன்றைக்கு, கள்ளக்குறிச்சியில், மதியம் இரண்டு மணிக்கு.

கிராமப் பயிற்சிக்காக வெள்ளிமலைக்கு வந்திருந்தவள் முன்தினமே இறங்கியிருக்க வேண்டும். அதற்குள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. எண்பத்தேழாம் வருடத்துச் செப்டம்பர் அது. மலையடிவாரத்திலிருந்து கச்சிராயபாளையம் வரை சாலையில் மரமாகச் சாய்ந்து கிடந்தது. பஸ் ஒன்றும் ஓடவில்லை. பரீட்சை எடுக்கிறவர் மட்டும் மறியலுக்கு முந்தியே வந்து தங்கிவிட்டாராம். தேதி மாறாது என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

ஜீப் ஓட்டும் சடையனிடம் கேட்டபோது அவன் விதிமுறைகளை விளக்கினான்.

"பிரசவ கேஸ், பாம்புக்கடி, சாவு. இந்த மூணுக்குத்தான் மரம் நவுரும். ஒங்கிட்ட எது இருக்குது?"

மூன்றும் இல்லை. அன்றைக்கென்று ஆஸ்பத்திரியில் இருமல்காரர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் குஞ்சம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாலு பெற்றவளுக்கு ஐந்தாவதாக ஒன்று நடிக்கத் தெரியாதா என்று கேட்டாள்.

முதல் மரம் ஒரு புளியமரம். அதைச் சுற்றி இருபது முப்பது வாலிபர்கள் நின்றிருந்தார்கள். சடையன் தலையை வெளியே நீட்டி, "பிரசவ கேஸு," என்றதும் மறுபேச்சில்லாமல் கிளைகளை இழுத்து வழி விட்டார்கள். ஜீப் அப்படியே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒருவன் மரியாதைக்கு, "எத்தினியாவது பிரசவம்?" என்று கேட்டுவைத்தான்.

"தலைப்பிரசவம்பா," என்று முனகினாள் குஞ்சம்மாள்.

அவன் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தான். பிறகு ஜூலியாவைப் பார்த்தான். நர்ஸ் உடுப்பில் இருந்தவள் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ரொம்ப வருஷமா வேண்டுதல் வெச்சி, இப்பத்தாங்க தங்கியிருக்கு," என்றாள்.

அதைக் கேட்டதும் வாலிபர்கள் உருகிப் போனார்கள். இழுத்துப் போட்டிருந்த கிளைகளை இன்னும் தள்ளிப் போட்டார்கள். ஒருவன் கோயில் திருநீறு கொண்டுவந்து குஞ்சம்மாளின் நெற்றியில் பூசினான். இன்னொருவன், அடுத்த மரத்தில் ஜீப் நிற்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், செய்தி சொல்ல சைக்கிளில் குறுக்குப் பாதையில் பறந்தான்.

"இன்னா பொருத்தமா பொய் சொல்ற நீ," என்று குஞ்சம்மாள் ஜூலியாவின் தொடையில் தட்டினாள். ஜூலியாவின் மனசு உறுத்தியது. உறுத்தினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

சைக்கிள்காரனின் நல்லெண்ணம் என்ன செய்தது என்பது இரண்டாவது மரத்தில் தெரிந்தது. ஐம்பது வயதில் ஒருத்திக்குத் தலைப்பிரசவம் என்ற செய்தி பரவி, சுற்றுப்பட்டுப் பெண்கள் அத்தனை பேரும் சாலைக்கு வந்திருந்தார்கள். மரம் நகர்ந்தது. ஆனால் பெண்கள் நகரவில்லை. அவர்களில் லட்சுமியம்மாள் என்று ஒரு அம்மாள். ஊரில் பாதிப் பிள்ளைகளை எடுத்துவிட்ட கை தன்னுடையது என்று அறிமுகம் செய்துகொண்டு, புள்ள தலை திரும்பியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க ஜீப்புக்குள் கையை நீட்டினாள்.

தொட்டால் பஞ்சு. ஜூலியாவுக்கு வேறு வழி தோன்றவில்லை. ஆனந்தமேரி சிஸ்டர் வார்டில் பேசுகிற குரலை அப்படியே வரவழைத்துக்கொண்டாள்.

"கைய எடுங்க. சோப்பு போட்டுக் கழுவாத கை கர்ப்பிணி மேல படக் கூடாது. நோய் ஒட்டிக்கும்."

லட்சுமியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். முகம் சுண்டவில்லை, மாறாக மலர்ந்துவிட்டது.

"இத்தினி வருஷத்துல என்னயே அதட்டுன நர்சு நீதான் கண்ணு. ஒன்ன மாதிரி ஒரு ஆளத்தான் காலையிலேர்ந்து தேடிக்கினு இருக்கேன். எம்மருமவளுக்கு விடியக்காலமே வலி எடுத்துச்சி. வண்டி இல்ல. அவளயும் ஏத்திக்கோ."

வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த மருமகள் மணிமொழியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். நேரத்தைப் பார்த்தால் ஏற்ற முடியாது, அவள் முகத்தைப் பார்த்தால் ஏற்றாமல் இருக்க முடியாது. ஜூலியா முகத்தைப் பார்த்தாள். மணிமொழி ஏறினாள், பின்னாலேயே மாமியாரும் ஏறினாள். சடையன் வண்டியை இனி உருட்டத்தான் முடியும் என்று முணுமுணுத்தபடி கியரைப் போட்டான்.

ஜீப்புக்குள் இப்போது இரண்டு கர்ப்பிணிகளும் எதிரே ஒரு நிபுணரும். குஞ்சம்மாளுக்கு ஓய்வே இல்லாமல் போய்விட்டது. மணிமொழி ஒருமுறை முனகினால் இவள் இரண்டுமுறை கத்த வேண்டியிருந்தது. கத்தின கத்தலில் லட்சுமியம்மாளுக்கே கவலை வந்துவிட்டது.

"நர்சம்மா, எம்மருமவளுக்கு நேரம் கெடக்குது. இந்தம்மாவுக்குத்தான் இப்பவோ அப்பவோன்னு இருக்குது. மொதல்ல இத கவனி," என்றாள். கொஞ்ச தூரம் போனதும் சந்தேகமாக, "இத்தினி வலியில ஒரு பொட்டு வேர்வ காணலியே," என்றும் கேட்டாள்.

குஞ்சம்மாள் அவசரமாகத் தண்ணீர்க் கூஜாவில் கையை நனைத்து முகத்தில் தடவிக்கொண்டாள்.

கச்சிராயபாளையத்தைத் தொடுவதற்கு முன் கடைசி மரம் கிடந்தது. மரமா அது. நாலு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும் போலிருந்த ஆலமரம், சாலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை. அங்கே தலைமை சின்னராசு. கரும்பு விவசாயி, கனத்த மீசை, தோளில் கோடரி. பிரசவ கேஸ் இரண்டு என்று கேட்டதும் ஆட்களை ஏவினார். ஆனாலும் கயிறு கட்டி இழுக்க நேரமாகும் என்றார்.

மணிமொழிக்கு அந்த நேரம் இல்லை. பனிக்குடம் உடைந்தது.

"எறங்குங்க எல்லாரும். இங்கயேதான்," என்றாள் ஜூலியா.

நெருக்கியடித்த ஜீப்பில் இடம் வேண்டும், தலைக்குக் கீழே வைக்க ஏதாவது வேண்டும். குஞ்சம்மாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. முந்தானையைத் தளர்த்தினாள், உள்ளே கையைவிட்டு ஒரே இழுப்பில் தலையணையை உருவினாள், மணிமொழியின் தலைக்கு வைத்தாள்.

லட்சுமியம்மாள் வாயைத் திறந்தாள். அது திறந்தபடியே நின்றது.

"அப்புறம் திட்டுங்க. மொதல்ல கையக் கழுவிக்கினு வந்து காலப் புடிங்க," என்றாள் குஞ்சம்மாள். அவள் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

ஆண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வேட்டிகளை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். பரீட்சைக்காகக் கொதிக்க வைத்துத் துணியில் சுற்றி எடுத்துவந்த கத்தரியும் நூலும் ஜூலியாவின் பையில் இருந்தன. எந்தப் பரீட்சை எடுப்பவரும் அவ்வளவு நெருக்கமாக நின்றிருக்க மாட்டார். லட்சுமியம்மாள் தோளுக்கு மேல் மூச்சு விட்டபடி, அதை இப்படிப் பிடி, இதை ஏன் அப்படிச் செய்கிறாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேட்டிக்கு அந்தப் பக்கம் நூறு காதுகள் காத்திருந்தன.

தலை வந்தது. கழுத்தைச் சுற்றிக் கொடி. லட்சுமியம்மாளின் பேச்சு சட்டென்று நின்றது. ஜூலியா ஒரு விரலை உள்ளே கொடுத்து, அவசரமே இல்லாதவள் போல, கொடியை நெகிழ்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிட்டாள். குழந்தை வழுக்கிக்கொண்டு வந்தது. அழவில்லை. நீலம் பாரித்திருந்தது. வாயையும் மூக்கையும் துடைத்துச் சுத்தம் செய்தாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள்.

அழுகை கேட்டது. நல்ல காட்டமான அழுகை.

"பொட்டப்புள்ள," என்றாள் ஜூலியா. கொடியைக் கட்டி, வெட்டி, துடைத்து, சுற்றித் தாயின் மார்பில் போட்டாள். வேட்டிக்கு அப்பால் ஆரவாரம் எழுந்தது. லட்சுமியம்மாள் ஜூலியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குஞ்சம்மாள்தான் கவனித்தாள். "ஏம்பா ஜூலியா, ஒங்கையப் பாத்தியா? ஒரு தடவ ஆடலியே."

ஜூலியா கைகளைப் பார்த்தாள். அப்படியே மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தையும் பார்த்தாள். ஒன்றரை. மரம் இன்னும் பாதிகூட நகரவில்லை. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. சாலையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

இதற்குள் தலையணைச் செய்தி வேட்டியைத் தாண்டிப் போயிருந்தது. சின்னராசு வந்து நின்றார். குஞ்சம்மாளின் தட்டையான வயிற்றைப் பார்த்தார். முதல் மரத்துக்காரர்கள் திருநீறு பூசின நெற்றியையும் பார்த்தார்.

"இங்க இன்னொரு பிரசவ கேஸுன்னு சொன்னீங்களே, அது எங்க?"

சடையன் ஜீப்புக்கு அடியில் எதையோ பழுது பார்க்கக் குனிந்துகொண்டான்.

"மூணு எடத்துல எங்காளுங்க மரத்த இழுத்திருக்காங்க. தோளு பிஞ்சிபோயிருக்குது. நெசமா சாவக் கெடக்கறவனுக்கு வழி வுடணும்னுதான் இழுத்தாங்க. வெளயாட்டா ஒங்களுக்கு? வண்டிய வந்த வழிக்கே திருப்புடா சடையா. பெத்தவள நாங்க கட்டில்ல தூக்கிக்கினு போறோம்."

ஜூலியா எழுந்தாள். இனி மறைக்க எதுவும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னாள். பொய் சொன்னது தப்பு என்றாள், பழி தன்னுடையது, குஞ்சம்மாளக்காவுக்கும் டிரைவருக்கும் இதில் சம்பந்தமில்லை என்றாள். "ரெண்டு மணிக்கு எனக்கு நர்சு பரீட்சைங்க. ரெண்டு தடவ ஃபெயிலாயிட்டேன். இதான் கடைசி. இத வுட்டா அப்பாவோட கரும்பு வெட்டப் போவணும். வேற வழி தெரியாமத்தான் இப்படிச் செஞ்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

சின்னராசு தோளிலிருந்த கோடரியை இறக்கித் தரையில் போட்டார். திரும்பி ஆட்களைப் பார்த்துக் கையை அசைத்தார். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள், வேட்டியைப் பிடித்திருந்தவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோருமாக ஆலமரத்தில் கை வைத்தார்கள். அவ்வளவு நேரமும் அசைய மறுத்த மரம் முனகிக்கொண்டே புரண்டு கொடுத்தது.

வழி திறந்ததும் சின்னராசு அவளருகே வந்தார்.

"அட பைத்தியக்காரப் பொண்ணே, இத மொதல் மரத்துலியே சொல்றதுக்கு இன்னா? எம்பொண்ணுக்கு நர்சு படிப்புல ஒரு எடம் குடுங்கன்னு கேட்டுத்தாம்மா நான் இந்த மரத்தயே சாச்சேன்."