பதினாறு கட்டத்துக்குள் உங்கள் தங்கை

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான் உடலளவில் நலம். மற்றபடி நலம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அங்கு தாங்களும், அக்காவும், பெட்டியோடு வந்து இறங்கியிருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவள் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். ஆளுயரத்துக்கு முகங்கள் வரைந்துகொண்டிருந்த என்னை, மாதச் சம்பளம் வரும் என்று இந்த வீடியோ கேம் கம்பெனியில் சேர்த்துவிட்டது நீங்கள்தான். போன உடனே இன்ஜினியர் கட்டம் போட்ட தாள் ஒன்றை நீட்டினார். குறுக்கே பதினாறு கட்டம், நெடுக்கே பதினாறு கட்டம். "இதுக்குள்ள ஒரு இளவரசி வேணும் சார். மூணு கலர்தான். அதுக்கு மேல நம்ம மெஷின் தாங்காது" என்றார். இளவரசி என்றால் எனக்கு வேறு யார் ஞாபகத்துக்கு வருவார்கள்? உங்கள் தங்கையை நாற்காலியில் உட்காரவைத்தேன். அவளும் ஆசையாகத் தலைவாரிக்கொண்டு, இருமல் வந்தும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மூக்கு வைத்தால் வாய்க்கு இடமில்லை. வாய் வைத்தால் கழுத்து காணாமல் போகிறது. இடுப்பில் ஒரு கட்டத்தைக் குறைத்தால் எலும்புக்கூடு, கூட்டினால் கேஸ் சிலிண்டர். முடிக்கும் கண்ணுக்கும் செருப்புக்கும் ஒரே பழுப்பு. கன்னத்து மச்சத்தை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை மச்சான், மூக்கைத் தியாகம் செய்து அதை வைத்தேன்.

அந்த இளவரசியை ஆபீஸ் டிவியில் முதல்முறை ஓட்டிப் பார்த்த அன்று அவளே அங்கு வந்துவிட்டாள். எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். இளவரசி வலப்பக்கமாக நடந்தாள்.

"யாருங்க இது?"

"நீதாம்மா."

"இந்த உருளைக்கிழங்கா?"

அதோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன். இளவரசி இடப்பக்கம் திரும்பினாள். மெஷினில் இடத்தை மிச்சம் பிடிக்க அதே படத்தைத்தான் கண்ணாடி மாதிரி திருப்பிப் போடுகிறார்கள். மச்சம் அந்தக் கன்னத்துக்குத் தாவிவிட்டது. "கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, என் மச்சம் எந்தப் பக்கம்னு தெரியாது? இது எவளோட மச்சம்?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அரக்கர் கூட்டம் வரிசையாக வந்தது, இளவரசி விட்டு விட்டு மறைய ஆரம்பித்தாள். இன்ஜினியர் ஆறுதல் சொல்றதா நெனச்சு, "ஒரே வரிசைல கூட்டம் சேந்தா மெஷின் தாங்காது, யாராவது ஒருத்தர் மறைஞ்சுதான் ஆகணும் மேடம்"னு சொல்லித் தொலைச்சார். "அப்ப நானே மறைஞ்சுக்கறேன்"னு கெளம்பினவதான்.

வீடு வெறிச்சோடிக் கிடக்குது மச்சான். குளியலறைத் தரையில பதிச்ச சின்னச் சின்னக் கல்லைப் பாத்தாக்கூட அவ முகமாத் தெரியுது, காலை வைக்க முடியலை. ஒவ்வொரு கட்டத்தையும் அவளை நெனச்சுத்தான் நிரப்பினேன்னு சொல்லுங்க. வேலையை வேணா விட்டுடறேன். தயவுசெய்து அவளை உடனே அனுப்பிவையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, படம் வரையாத ஏதாவது உத்தியோகத்துக்குப் போக என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன் (இன்னும்)

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் இன்ஜினியர் வந்து சொன்னார். மூன்றாம் லெவல் அரக்கிக்குத் தனிப் படம் வைக்க மெஷினில் இடமில்லையாம். இளவரசிக்கே பச்சை நிறம் பூசி அரக்கியாக்கிவிட்டார்களாம். மண்டையில் கல்லால் அடித்தால் சாகிறாளாம். ஆடிப் பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். கேம் விற்கும் அட்டைப்பெட்டியின் மேல்படத்துக்கும் அந்த அரக்கியையே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள், மச்சத்தோடு. ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதீர்கள். அவளை இப்போதைக்கு அனுப்பவே வேண்டாம். உங்கள் பிள்ளைகளைக் கடைப்பக்கமும் விடாதீர்கள்.