தொட்டிக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர்

இந்தச் சனிக்கிழமை என்ன ஆனாலும் சரி, மாடித் தண்ணீர்த் தொட்டியை நான் கழுவப் போவதில்லை என்று கண் விழித்ததுமே தீர்மானம் செய்தேன். அதை மனைவியிடம் சொல்லவில்லை. எனக்குத் தீர்மானம் எடுக்கத்தான் தெரியும்.

சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வழக்கமாக நான் சொல்லும் முதுகுவலி, தலைவலி போல அல்லாமல், இந்த முறை கலப்படமில்லாத அசல் காரணமே கையில் இருந்தது.

நான் மொழிபெயர்ப்பாளன். ஆங்கிலத்தில் இருப்பதை ஜப்பானிய மொழியில் எழுதித் தருவேன், யாராவது கொடுத்தால். ஒரு மெத்தைக் கம்பெனி கொடுத்தது. அதன் பிறகு யாரும் கொடுக்கவில்லை. என் மச்சினன் தன் டயர் கடையில் எனக்காக ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு, "எப்ப வேணா வாங்க அத்தான்" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அன்புக்குப் பயந்தே நான் அந்தத் தெருப்பக்கம் போவதில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு தொழிற்சாலையிலிருந்து பாதுகாப்பு அறிவிப்புப் பலகை ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. நன்றாகச் செய்தால் தொடர்ந்து வேலை. இல்லையென்றால் டயர்.

பலகையில் கொஞ்சம் வரிகள்தான். எல்லா வரியிலும் ஒரே சொல், 'புட் ஆன்'. கோட் புட் ஆன், பூட்ஸ் புட் ஆன், ஹெல்மெட் புட் ஆன், இடையில் விளக்கும் புட் ஆன், கடைசியில் கையுறையும் புட் ஆன். தமிழனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நாம் சட்டையும் போடுவோம், செருப்பும் போடுவோம், லைட்டும் போடுவோம், சண்டையும் போடுவோம். ஜப்பானியரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பி, கையை நுழைத்துப் போடும் கோட்டுக்கு உரிய 'கிரு' என்ற சொல்லையே எல்லா வரியிலும் வைத்து அனுப்பிவிட்டேன்.

காலையில் பதில் வந்திருந்தது. சரிபார்க்கும் ஜப்பானிய அம்மையார் மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார். நான் சொன்னபடி பூட்ஸுக்குள் கையை விட்டுத் தோள்வரை இழுக்க அலுவலகத்தில் எல்லோரும் முயன்று பார்த்தார்களாம். விளக்கை உடுத்திக்கொள்ளத்தான் யாருக்கும் வழி தெரியவில்லையாம். மாலைக்குள் திருத்தி அனுப்பினால் மகிழ்வாராம்.

"தொட்டி" என்றாள் மனைவி, காபியை மேஜையில் வைத்தபடி. அவளுக்கு அந்த ஒரு சொல் போதும்.

"இன்னைக்கு முடியாதும்மா" என்று கடிதத்தைக் காட்டினேன். "எதை உடம்புல எங்க போடறோமோ, அதுக்குத் தகுந்த மாதிரி வேற வேற சொல் வச்சிருக்காங்க. படிச்சதுதான், ஒண்ணுகூட ஞாபகம் வரல. நாள் முழுக்க ஆகும்."

சண்டை வரும் என்று காத்திருந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். தப்பி ஓடப் பார்ப்பவர்களை நாற்காலியில் சாய வைத்து, தாங்களாகவே வாயைத் திறக்க வைப்பதுதான் அவள் தொழில். அதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறாள்.

"பாவம்ங்க நீங்க" என்றாள், அந்தக் குரலில். "மெத்தைக் கம்பெனி வேலையை எப்படிச் செஞ்சீங்க?"

அன்று 'படு' என்ற சொல்லுக்காக மத்தியானம் முழுவதும் கட்டிலில் குறட்டை விட்டேன். எழுப்ப வந்தவளிடம், வினைச்சொல்லை உடம்பால் உணராமல் மொழிபெயர்ப்பது பெரும் பாவம் என்று பிரசங்கமும் செய்தேன்.

"உடம்பால செஞ்சு பார்த்தேன்" என்றேன் மெல்ல.

"அதேதான். இப்பவும் செஞ்சு பாருங்க. ஒவ்வொண்ணா நான் எடுத்துத் தர்றேன்."

முதலில் மழைக்கோட்டு வந்தது. கையை நுழைத்தேன், 'கிரு'. அது சரி. அடுத்து முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ். காலை உள்ளே விட்ட மறுநொடி வகுப்பில் படித்தது கண்முன் வந்தது. 'ஹகு'! ஓடிப்போய் டைப் செய்தேன். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினேன், 'ககேரு'. ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கவிழ்த்தேன், 'கபுரு'. மாஸ்க் போட்டதும் 'ட்சுகேரு' வந்தது. டார்ச்சைக் கொடுத்தாள். பட்டப்பகலில் அதைப் போட்டேன். அதற்கும் 'ட்சுகேரு' என்றே சொல்லலாம். இத்தனை வயதில் நான் அத்தனை சந்தோஷமாக நடு ஹாலில் குதித்ததே இல்லை.

"கடைசி வரி கையுறை. டைப் பண்ணிட்டு அப்புறம் போடுங்க" என்றாள்.

'ஹமேரு' என்று அடித்துவிட்டுப் போட்டேன். தடித்த ரப்பர் விரலால் பட்டனை அழுத்த வரவில்லை. அவளே அழுத்தி அனுப்பினாள்.

பிறகு இரண்டடி தள்ளி நின்று, தலை முதல் கால் வரை என்னைப் பார்த்தாள்.

"பூட்ஸ் எப்பம்மா வாங்கின?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டேன்.

"போன மாசமே. காலும் ஆளும் ஒண்ணா சிக்கட்டும்னு வச்சிருந்தேன்" என்று கையில் பிரஷ்ஷைக் கொடுத்தாள். "தண்ணியெல்லாம் நேத்தே வடிச்சாச்சு. வாங்க."

தொட்டிக்குள் நின்று பாசியைத் தேய்க்கும்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. அதற்குள் பாதித் தொட்டி முடிந்திருந்தது. கோபப்படலாம் என்று பார்த்தால், கோபமும் வரவில்லை. மாலை ஆகிவிடுமே, பதில் வர வேண்டுமே என்ற பயம்தான் இருந்தது.

மூடித் துவாரத்தில் அவள் முகம் தெரிந்தது. கையில் என் போன்.

"சரியா இருக்காம். எல்லா வரியும். இனிமே அவங்க பலகையெல்லாம் உங்களுக்குத்தானாம்."

துள்ளினேன். தலை கூரையில் இடித்தது. ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தேன். கண் கலங்கியது. கண்ணாடி இருந்ததால் அதுவும் வெளியே தெரியவில்லை.

"உடனே உன் தம்பிக்குச் சொல்லு, அந்த டயர் கடை நாற்காலியை..."

"வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லிட்டேன்."

"எப்ப? இப்பவா?"

"நேத்தே" என்றாள். "உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லை. யாராவது எடுத்துக் குடுக்கணும், அவ்வளவுதான்."

இந்த ஜென்மத்தில் இன்னும் நூறு தொட்டி கழுவலாம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வேலை வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டதாம். அதிலும் எல்லா வரியிலும் ஒரே சொல், 'டேக் ஆஃப்'.

"அப்படின்னா கழட்டறதுதானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. ஆனா சட்டைக்கு ஒண்ணு சொல்வாங்க, கண்ணாடிக்கு ஒண்ணு சொல்வாங்க" என்று விளக்கிக்கொண்டே உற்சாகமாக ஏறி வெளியே வந்தேன். அவள் எனக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டாள்.

நான் கீழே வந்தபோது ஹாலின் நடுவில் ஏணி நின்றிருந்தது. அதன் மேல்படியில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. ஈரக் கையுறையை உருவப் போன என்னை அவள் தடுத்தாள்.

"அதை மட்டும் கழட்டாதீங்க" என்றாள், அந்தப் பல் டாக்டர் குரலில். "முதல்ல ஃபேன், அப்புறம் ஜன்னல் திரை."