எகிறிய சோற்றுருண்டை

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே அரிசியைப் போலீஸ் கண்ணோடு பார்த்த ஒரே தமிழர் எங்கள் லைட்டர் அண்ணேதான். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்களுக்கு எதிர்வீடு. சிகரெட் பிடிக்க மாட்டார். ஆனாலும் சட்டைப்பையில் எப்போதும் ஒரு லைட்டர் இருக்கும். அரிசியைக் கொளுத்த!

பிளாஸ்டிக் அரிசி வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்த அன்றே அவர் பதவியேற்றுக்கொண்டார். முதலில் ஒரு பிடி அரிசியைத் தம்ளர் தண்ணீரில் போடுவார். மிதந்தால் முறைப்பார். அடுத்து கரண்டியில் வைத்துக் கொளுத்தி மோந்து பார்ப்பார். கடைசியாக, வெந்த சோற்றை உருட்டித் தரையில் ஓங்கி எறிவார். எகிறினால் தீர்ப்பு சொல்லிவிடுவார்: பிளாஸ்டிக்! வெளியே போனால் மைதாவில் போடும் ரொட்டி சனாய் மட்டும்தான் சாப்பிடுவார். தோசையைத் தொட மாட்டார். அதற்குள் அரிசி மாறுவேடத்தில் இருக்கிறதாம்.

அவர் குடிவருவதற்கு முன்பு எங்கள் மாடிக்கு அரிசி நிபுணன் நான்தான். கிள்ளானில் தெரிந்த கடையில் வாங்கி, நாலு வீட்டுக்கும் மூட்டையைக் காரில் போட்டுக்கொண்டு வருவேன். அந்த மரியாதையெல்லாம் ஒரு லைட்டரில் எரிந்துபோனது. நான் கொண்டுவந்த மூட்டையை என் மனைவியே எதிர்வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

“இத்தன வருசமா நான் வாங்குன அரிசியத்தான தின்னோம்?”

“அதான் உங்களுக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு. அண்ணே ஒருவாட்டி பாத்துட்டா மனசுக்கு நிம்மதிலா.”

அவர் வந்தால் புதுக் கோப்பையில் தேநீர். எனக்குக் காது உடைந்த பழைய கோப்பை. வயிறு எரிந்தது. அதற்கு லைட்டர் தேவைப்படவில்லை.

மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. இந்த அரிசியில் அவர் கை படக்கூடாது என்று, நானே கிள்ளானில் வாங்கி நேராக மண்டபத்துச் சமையல்காரரிடம் இறக்கினேன். நல்ல நேரம் பிற்பகலில்தான் என்பதால் முதலில் சாப்பாடு, பிறகு தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். சோறு விழுந்தது.

எங்கிருந்தோ வந்தார் அண்ணே. சோற்று வாளியிலிருந்து ஒரு பிடி எடுத்து உருட்டினார். “அண்ணே, வேண்டாம்லா!” என்று நான் ஓடி வருவதற்குள் எறிந்துவிட்டார். உருண்டை ரப்பர் பந்து போல எகிறி, உருண்டு, சம்பந்தியின் கால் பக்கத்தில் போய் நின்றது.

“பிளாஸ்டிக்!” என்று பழக்கதோஷத்தில் கத்தியும் விட்டார்.

சம்பந்தியம்மா இலையிலிருந்து கையை எடுத்தார். “என்னாங்க இது, பிளாஸ்டிக் சோறா போடுறீங்க?” வரிசை முழுக்கக் கைகள் பின்வாங்கின. சம்பந்தி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். பேச வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. கதவோரம் பட்டுப்புடவையில் நின்ற என் மகளுக்கு உதடு துடித்தது.

அண்ணே அவளைப் பார்த்தார். விறுவிறுவென்று போய், சம்பந்தி காலடியில் கிடந்த உருண்டையை எடுத்தார். தன் வேட்டியில் ஒரு தட்டு தட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

“ஒரிஜினல் லா, பாஸ்! சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். நல்ல அரிசியில பசை இருக்கும், அதான் எகிறுது. தள்ளி உக்காருங்க, எனக்கும் பசிக்குது.”

வெளியே ஒரு பருக்கைகூடத் தொடாத மனிதர், சம்பந்தி பக்கத்தில் இலை போட்டுச் சாம்பார், ரசம், மோர் என்று ஒவ்வொன்றுக்கும் சோறு கேட்டு வாங்கினார். சம்பந்தி சிரித்தார். கைகள் இலைக்குத் திரும்பின. குறித்த நேரத்தில் தட்டும் மாறியது.

எனக்கு நெஞ்செல்லாம் வெற்றி. கடைசியில் என் அரிசியை அவர் வாயாலேயே ஒரிஜினல் என்று சொல்ல வைத்துவிட்டேனே! கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்தேன். முகம் வெளுத்திருந்தது. என் காதருகே குனிந்தார்.

“தம்பி, இந்த பிளாஸ்டிக்கு வயித்துக்குள்ள கரையுமா?”

வெறும் சோறுதான் அண்ணே என்று எவ்வளவோ சொன்னேன். நம்பவே இல்லை.

அண்ணே இப்போது ஜெஞ்சாரோமில் மகன் வீட்டில் இருக்கிறார். என் பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை, காரணம்தான் மாறிவிட்டது. பிளாஸ்டிக் என்று நம்பிக்கொண்டே, என் மகளுக்காக ஓர் இலைச் சோறு தின்றார் மனிதர். பெற்ற அப்பன் நான், வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.