சாமியின் காப்பும் பந்தலின் பின்வாசலும்

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி ஆகிவிட்டால் தாயில்பட்டியில் குழாயடிச் சண்டைகூட நின்றுவிடும். சண்டை போட்ட இருவருமே ரேடியோ கேட்கப் போய்விடுவார்கள். கந்தகபூமி எஃப்.எம்.மில் 'வாங்க பேசுவோம்' தொடங்கும் நேரம் அது.

நிகழ்ச்சியை நடத்துகிறவர் ஆமத்தூர்க்காரர் ஜெப்ரின். ஆரம்பத்தில் அதில் ஊர்க்கதைதான் பேசினார்கள். கண்மாயை ஏன் தூர்வாரவில்லை, வெம்பக்கோட்டை பஸ் ஏன் நிற்பதில்லை, கரகாட்டச் செலவை ஏற்பதாகச் சொன்ன வார்டு மெம்பர் திருவிழா அன்று எங்கே போனார் என்று மக்கள் போன் போட்டுக் கேட்டார்கள். மெம்பர்களுக்கு ரேடியோ என்றாலே வேர்த்தது.

பிறகு நிகழ்ச்சிக்குக் குறிசொல்லும் குளிர்நெருப்புச் சாமி வந்தார். மெம்பர்களுக்கு வேர்வை நின்றது.

"எங்க ரோட்டை எப்ப சாமி போடுவாக?" என்று ஒருவர் கேட்டால், "சனி நகர்ந்தால் ஜல்லி நகரும்" என்பார் சாமி. கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைப்பார். ரோடு கிடைத்தால்கூட அவ்வளவு திருப்தியாக இருந்திருக்க மாட்டார்.

சாமியின் உண்மையான சரக்கு தீக்காப்பு. கையில் போடும் இரும்பு வளையம். போட்டவரைத் தீ தொடாதாம். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற ஊரில் இதைவிட நல்ல வியாபாரம் வேறென்ன? சாமி சாதி மதம் பார்க்கவில்லை. கையின் அளவை மட்டும் கேட்டார். பியூலா டீச்சர் தன் காப்பில் சின்னச் சிலுவை ஒன்றைக் கோத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் சொல்லி வைப்பது நல்லதுதானே.

அதே ஊர் ரோஜாவின் அம்மா சண்முகத்தாயும் ஒன்று வாங்கினாள். ரோஜாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

சண்முகத்தாய் வேலை பார்ப்பது வெடிக்குழாயில் மருந்து நிரப்பும் அறையில். அங்கே இரும்பு ஆகாது. சாவிக்கொத்தைக்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எதிலாவது உரசி ஒரு பொறி பறந்தால் போதும். அந்த அறைக்குள் அம்மா முழங்கைக்கு மேலே காப்பை ஏற்றி, ஜாக்கெட் கைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். மேனேஜர் மணிகண்டராஜ் அதைப் பார்த்தார். பார்க்காதது மாதிரியும் இருந்தார்.

"அவரு ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"நாங்கதான் பின்வாசலைத் திறந்து விடுங்கன்னு போன மாசம் கேட்டோம்ல. சீசனாம், லோடு அடுக்க எடமில்லையாம். பெட்டிய வச்சி வாசலை அடச்சிட்டாக. 'பின்வாசல் எதுக்குத்தா, கையில சாமி இருக்காருல்ல'ன்னு சிரிச்சாரு."

அறைக்கு இரண்டு வாசல் இருப்பதே ஒன்றில் தீ என்றால் மற்றதில் ஓடத்தான். இப்போது ஒரு வாசலை லோடு அடைத்துவிட்டது. அதைப் பற்றிய பேச்சைக் காப்பு அடைத்துவிட்டது.

ரோஜா பகலில் அச்சகத்தில் காலண்டர் கட்டுகிறவள், மாலையில் சிவகாசியில் கணினி வகுப்புக்குப் போகிறவள். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டாள். மூன்றாம் தடவை, தான் சரிபார்த்தது சரியா என்று சந்தேகப்படுவாள். சாமி பொய் என்று தோன்றியதும் உடனே தன்மேல்தான் சந்தேகம் வந்தது. போன் செய்கிறவர்களின் வீட்டுக்கதையை அவர்கள் சொல்வதற்கு முன்பே சாமி சொல்லிவிடுகிறாரே, அது எப்படி?

ஒரு சனிக்கிழமை அவளே போன் போட்டாள். ஒரு பெண் குரல், "லைன் போட நேரமாகும், பேரு, ஊரு, குறை சொல்லுங்க" என்றது. பேர் கற்பகவல்லி, வீட்டில் ரெண்டு எருமை, ஒன்று கறக்கவில்லை என்றாள் ரோஜா. வாயில் வந்த பொய். கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு சாமி வந்தார்.

"பேசாதே மகளே. கற்பகவல்லிதானே? உன் வாசலில் இரண்டு எருமை தெரிகிறது. கருப்பு நிறம்."

எருமையின் நிறத்தைக்கூடக் கண்டுபிடித்துவிட்ட ஞானி.

ரோஜா குதித்துக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். "நம்மகிட்ட ஏதும்மா எருமை? அந்தப் பொண்ணுகிட்ட நான் விட்ட கதைய அப்படியே ஒப்பிக்காரு."

சண்முகத்தாய் அசரவில்லை. "நீ பொய் எருமையச் சொன்ன. அவரு பொய் எருமையப் பாத்தாரு. இல்லாத எருமையப் பாக்க எம்புட்டு சக்தி வேணும், யோசிச்சியா?"

ரோஜா யோசித்தாள். இரண்டு நாள் யோசித்தாள். அம்மா சொல்வதிலும் ஏதாவது இருக்குமோ என்றுகூட யோசித்தாள். எருமை உதவாது, காப்பையே சோதிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அப்புறம்தான் வந்தாள்.

வாய்ப்பு ஊர் தேடி வந்தது. தாயில்பட்டித் திடலில் பந்தல் போட்டு நேரடி ஒலிபரப்பு. தலைப்பு, 'தீ விபத்தைத் தடுப்பது எப்படி?' தேர்தல் நெருங்கியதால் மூன்று கட்சிக்காரர்கள் மேடையில் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே கொள்கை இருந்தது அன்றைக்குத்தான். மூவர் கையிலும் காப்பு. முன்வரிசையில் கம்பெனிப் பெண்கள், நடுவில் சண்முகத்தாய்.

ரோஜா பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வியிடம் ஒரு குழாய் வாங்கி வைத்திருந்தாள். பாண்டிச்செல்வி வீட்டிலேயே வெடிக்கு அட்டைக்குழாய் உருட்டிக் கொடுப்பவள். குழாயில் மருந்து கிடையாது, முனையை அடைக்கும் மண்ணும் கிடையாது, வெறும் கூடு. ரோஜா அதன் பக்கவாட்டில் பச்சைச் சணல் ஒன்றைத் திரி மாதிரி ஒட்டினாள். சாமி அசையாமல் உட்கார்ந்திருந்தால் தானும் ஒரு காப்பு வாங்கிப் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். சோதனை என்றால் நமக்கு எதிராகவும் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும் அல்லவா?

ஜெப்ரின் மைக்கை நீட்டினார். "சொல்லுங்க தங்கச்சி."

"சாமிகிட்ட ஒரு சந்தேகம். நீங்களும் காப்பு போட்டிருக்கீகளா சாமி?"

சாமி சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். இரண்டு கையிலும் முழங்கை வரை இரும்பு. "தீ என்னைக் கண்டால் வணங்கிவிட்டு விலகும் மகளே."

"அப்ப இங்கன கொஞ்சம் வரச் சொல்லுவோமா?"

ரோஜா பையிலிருந்து குழாயை எடுத்தாள். கூட்டத்தின் பக்கம் திருப்பி ஒரு முறை காட்டினாள். குழாயின் ஊடே அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது. அந்த ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அது வெறுங்கூடு என்று தெரியும். மேடையில் இருந்தவர்கள் பார்த்தது பருத்த குழாயையும் பச்சைத் திரியையும்தான்.

குழாயைச் சாமியின் நாற்காலிக்கு அடியில் வைத்தாள். ஊதுபத்தியைப் பற்றவைத்தாள்.

"மகளே, இது விளையாட்டல்ல."

"காப்பு இருக்குல்ல சாமி. உக்காருங்க."

ஊதுபத்தி திரியை நோக்கிக் குனிந்தது.

அன்று வீட்டிலிருந்து ரேடியோ கேட்டவர்கள் அதிர்ஷ்டசாலிகள். முதலில் நாற்காலி விழும் சத்தம். பிறகு "யாத்தே" என்று சாமியின் குரல். அடுத்து இரும்பு வளையங்கள் கலகலவென்று தூரமாகிக்கொண்டே போகும் ஓசை. சாமி பந்தலின் பின்வாசல் வழியாக ஓடிக்கொண்டிருந்தார். கட்சிக்காரர்கள் அவரை முந்திக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து ஓடவில்லை. முதலில் சிரித்தது சண்முகத்தாய்தான். தினமும் அந்தக் குழாயில்தானே மருந்து நிரப்புகிறாள்.

"ஏ ஆத்தா, வெறுங்கூட்டுக்கா இந்த ஓட்டம்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசை முழுக்கச் சிரித்தது. பியூலா டீச்சர் சிலுவையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு காப்பைக் கீழே போட்டார்.

ஜெப்ரின் மைக்கும் கையுமாக விழித்தார். நேரடி ஒலிபரப்பு, நிறுத்த முடியாது. சண்முகத்தாய் எழுந்து வந்து மைக்கை வாங்கினாள். ஜாக்கெட் கைக்குள்ளிருந்து காப்பை உருவி மேசைமேல் வைத்தாள். இரும்பு விழுந்த சத்தம் ஜில்லா முழுக்கக் கேட்டது.

"சாமிய இன்னிக்குக் காப்பாத்துனது காப்பு இல்ல. பந்தலோட பின்வாசல். எங்க மேனேஜரும் ரேடியோ கேட்டுட்டுத்தான் இருப்பாரு. ஏய்யா மணிகண்டராஜ், கேக்குதா? திங்கக்கிழமை காலைல பின்வாசல்ல இருந்து லோடை எடுத்தாத்தான் நாங்க உள்ள போவோம்."

முன்வரிசைப் பெண்கள் கை தட்டினார்கள். சண்முகத்தாய் மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், நின்று, கூட்டத்தைப் பார்த்தாள்.

"கையில என்ன போடலாம்னு கேட்டது போதும். இனிமே வாசல் எங்க இருக்குன்னு கேளுங்க."