செம்மலையின் மேனேஜரைத் தூக்கிய கதை

எப்பாடு பட்டாவது செம்மலையின் மேனேஜரைத் தன் பக்கம் தூக்கிவிடுவது என்று முத்தரசு முடிவெடுத்த காலையில் அவனுக்கு இட்லிகூட இறங்கவில்லை.

காரைக்குடியில் முத்தரசு, செம்மலை இருவரும் கல்யாணப் போட்டோகிராபர்கள். கலை என்று பார்த்தால் முத்தரசுதான் உசத்தி. அதை முத்தரசே பலரிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் கண்டரமாணிக்கத்தில் பெரிய வீட்டுக் கல்யாணமா, செம்மலை. காளையார்கோவிலில் நிச்சயதார்த்தமா, செம்மலை. அவன் பிளாஷ் எங்கே மின்னினாலும் இவன் வயிறு இங்கே எரிந்தது.

"அவனுக்குப் படமெடுக்கத் தெரியாது அனுசுயா! மாப்பிள்ளைக்குத் தலை இருந்தா கால் இருக்காது."

"கையில புக்கான தேதி இருக்குல்ல?" என்றாள் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டே. "அவுகளுக்குப் போன் பேச மேனேஜர் இருக்காம். நீங்க ரேட்டு கேட்டா 'உங்க மனசுபோலக் குடுங்க'ங்கிறீக. வாரவுக மனசெல்லாம் சின்னதா இருக்கு."

அவுகளாம்! செம்மலைக்கு மரியாதை வேறு. வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

தன் நம்பர் தெரியக் கூடாதென்று பக்கத்து வீட்டுக் குமரப்பனிடம் போனை இரவல் வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினான். செம்மலையின் விளம்பரத்தில் இருந்த நம்பரைப் போட்டான்.

"வணக்கம், செம்மலை போட்டோகிராபி. சொல்லுங்க சார்."

பெண் குரல். வெல்லப்பாகு. இப்படியொரு குரலா அந்தப் பயலுக்கு! இவன் வீட்டிலும் ஒரு குரல் இருக்கிறது. 'மோட்டர அமத்துங்க' என்பதைத் தாண்டி அது போனதில்லை.

"நானும் போட்டோகிராபர்தான். பேரு வேணாம். நீங்க எங்கிட்ட வந்துருங்க."

"இங்கனயே நல்லாத்தான வச்சிருக்காக?"

"அவன் குடுக்கிறதுல ரெட்டிப்பு நான் தாரேன்!"

"பேச்சு மாற மாட்டீகளே?"

"எம் பொண்டாட்டி மேல சத்தியம்!"

"அப்பச் சரி, சேந்துக்கிறேன். செத்த இருங்க, குக்கர இறக்கிட்டு வாரேன்."

போனில் விசில் கேட்டது. அதே விசில் கீழே அவன் வீட்டு அடுப்படியிலிருந்தும் கேட்டது.

படிகளை ரெண்டு ரெண்டாகத் தாண்டி இறங்கினான். அனுசுயா கையில் குக்கரும், தோளுக்கும் காதுக்கும் நடுவே அவன் பார்த்தேயிராத ஒரு போனுமாக நின்றாள்.

"நீயா?"

"முதல்ல உங்களுக்குத்தான மேனேஜர் வேலை பாக்குறேன்னேன்? 'கலைக்கு எதுக்கு மேனேஜரு'ன்னீக. செம்மலை அண்ணன் சம்சாரத்துக்கிட்டச் சொன்னேன், மறுநாளே சேத்துக்கிட்டாக."

"நான்தான்னு தெரிஞ்சா பேசுன?"

"எடுத்ததுமே தெரியும். எதுவரைக்கும் போறீகன்னு பாத்தேன்."

முத்தரசு நாற்காலியில் சரிந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு சந்தோஷம் மெல்லத் தலைகாட்டியது. எப்படியோ, மேனேஜர் கைக்கு வந்தாயிற்று! செம்மலை ஒழிந்தான்!

"சரி, இனி நீ என் ஆளு. எனக்கு என்ன வேலை பிடிச்சுத் தாரே?"

"நாளைக்கே ஒண்ணு இருக்கு. இளையாத்தங்குடிக் கல்யாணம்."

"ஆகா!" கேமராவைத் துடைக்க எழுந்தான்.

"அத வச்சுட்டுப் போங்க," என்றாள். "செம்மலை அண்ணனுக்கு லைட்டு பிடிக்க ஆளு இல்லையாம். உங்களச் சொல்லியிருக்கேன்."