இன்ஜின் மேல் உட்கார்ந்து வந்த கடலை

பசங்களா, நேற்று சாண்ட்விச்சில் இருந்த வெள்ளை சாஸை விரலால் வழித்து நக்கிக்கொண்டே, "முட்டை போடாம இத எப்பிடிப்பா பண்றாங்க?" என்று கேட்டீர்கள். "கொண்டைக்கடலையில" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தீர்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

விழுப்புரம் ஜில்லாவிலேயே எண்ணெயையும் தண்ணீரையும் ஒரே பாட்டிலில் குடித்தனம் நடத்த வைக்கப் பாடுபட்ட ஒரே மனிதர் குலுக்கி அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம். திண்டிவனத்தில் நான் கேக்குக்கு கிரீம் போடும் வேலை பார்த்த பேக்கரியில் அவர் மாவு மூட்டை இறக்குவார், அடுப்பு பார்ப்பார். அதற்கு முன்னால் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில் இருந்தவர். காய் முற்றியிருக்கிறதா என்று காதருகே குலுக்கிப் பார்ப்பது அங்கே பழக்கம். மண்டியை விட்டு வந்தும் கை நிற்கவில்லை. மோரைக் குலுக்குவார். மருந்து பாட்டிலைக் குலுக்குவார். கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பையைக் குலுக்கி, "தேங்கா இளசு" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே சொன்னவர்.

அவர் சம்சாரம் பச்சையம்மா அண்ணி கோலியனூரில் இருந்தார்கள். வயிற்றில் ஒரு ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தபின் சாப்பாடு இறங்கவில்லை. பால் ஒத்துக்கொள்ளாது. முட்டை வாசனை பட்டாலே குமட்டும். நெய், வெண்ணெய் கூடாது என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார். சத்து ஏறாவிட்டால் மறுபடி படுக்க வைக்க வேண்டியிருக்கும் என்று இன்னொரு டாக்டர் சொன்னார். பயறு வேகவைத்து மசித்து, மேலே நல்ல எண்ணெய் விட்டுக் கொடுத்தால் அண்ணி டம்ளரைத் தள்ளிவிடுவார்கள். "எண்ண மெதக்குதுய்யா. பாத்தாலே பொரட்டுது."

அண்ணன் என்னிடம் வந்தார்.

"ஏம்பா, நீ முட்டையும் எண்ணையும் போட்டு அடிக்கிறியே வெள்ள சாஸு, அதுல எண்ண எங்க போவுது?"

"உள்ளதான்ணே இருக்குது. முட்டைக் கரு பிடிச்சுக்கும்."

"முட்ட இல்லாம எது பிடிக்கும்?"

எனக்குத் தெரியாது. ஆனால் சுண்டலுக்குக் கடலை வேகும்போது தண்ணீர் சோப்பு மாதிரி நுரைக்குமே, அதைச் சொன்னேன். சொன்னதோடு என் நிம்மதி போயிற்று.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் பேக்கரி மிஷினில் பயறு அடித்தார். துவரம்பருப்பு ரசமாக மணத்தது. மல்லாட்டைப் பால் எண்ணெய்க்கு எண்ணெயாகவே நின்றது. மொச்சை அடித்துவிட்டு மிஷினைக் கழுவாமல் போனார். மறுநாள் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக் மொச்சைக் குழம்பு வாசனையோடு போய்ச் சேர்ந்தது. முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார்.

"இன்னாய்யா இது, கேக்கா, கருவாட்டுக் கொழம்பு மிச்சமா?"

"மொச்சைங்க."

"அது தெரியுதுய்யா. ஏன்னு கேக்குறேன்."

காரணத்தைச் சொன்னதும் முதலாளி மிஷினை எட்டிப் பார்த்தார். பிறகு, "கழுவிட்டு அடிக்கச் சொல்லு. அடிச்சிட்டும் கழுவச் சொல்லு" என்றார்.

கடைசியில் கொண்டைக்கடலைதான் சொன்னபடி கேட்டது. ராத்திரி ஊறப்போட்டு, நன்றாக வேகவைத்து, கொஞ்சம் கடலையும் அதன் தண்ணீரும் உப்பும் சேர்த்து வெண்ணெயாக அரைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் திரிந்துவிடும். எலுமிச்சை கடைசியில், அதுவும் கொஞ்சம்தான். கடலையில் இருக்கிற புரதம் எண்ணெய்த் துளி ஒவ்வொன்றையும் சுற்றிப் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், துளிகள் ஒன்றோடொன்று சேராது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வழுவழுவென்று வெள்ளையாக வந்தது என்பதுதான்.

பேக்கரியில் பார்த்தால் வெள்ளை. விழுப்புரத்தில் இறங்கிப் பார்த்தால் மேலே எண்ணெய், கீழே கலங்கல். தினமும் இதே கதை. கோலியனூருக்குப் போக அவர் விழுப்புரத்தில் இறங்க வேண்டும்; நானும் விழுப்புரம் என்பதால் இருவருக்கும் ஒரே பஸ். டிரைவருக்கு அண்ணன் மேல் தனி மரியாதை. "வீட்டுக்காரம்மாவுக்கு எடுத்துக்கினு போறாரு" என்று தன் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் துண்டு விரித்து பாட்டிலை உட்கார வைப்பார். ஒரு சாமி சிலைக்குக் கூட அந்த பஸ்ஸில் அப்படி இடம் கிடைக்காது.

ஊரில் இறங்கியதும் அண்ணன் பாட்டிலைக் குலுக்குவார், வெளிச்சத்தில் பார்ப்பார், பிளாட்பாரம் ஓரமாகக் கொட்டுவார். "கடல சரியில்லப்பா. வேற கடைல வாங்கணும்." திண்டிவனத்தில் அவர் குறை சொல்லாத மளிகைக் கடை பாக்கியில்லை. அண்ணி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. பாண்டிச்சேரி சரக்கு கடத்துகிறார்களா என்று பார்ப்பது வழக்கம். அண்ணன் பாட்டிலோ கழுவி எடுத்த பழைய பிராந்தி பாட்டில். பஸ் அப்போதுதான் கிளம்பியிருந்தது. பாட்டில் சூடேறக்கூட இல்லை.

"இன்னாய்யா இது?" என்றார் ஏட்டு.

"கடலைங்க."

"கடல இப்பிடித்தான் வழவழன்னு இருக்குமா?"

"குலுக்கிக் காட்டட்டுங்களா ஏட்டையா?"

"நீ எதையும் குலுக்காத. கீழ வை." மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "எலுமிச்ச வாசன வருது. சரக்கும் சைடு டிஷ்ஷும் ஒரே பாட்டில்லயா?"

பஸ்ஸே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "ஊட்டுல படுத்துக்கினு இருக்குறாங்க" என்று மட்டும் சொன்னார். ஏட்டு நம்பாமல், மேலதிகாரி வந்து பார்க்கட்டும் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு அண்ணனை அனுப்பிவிட்டார். அன்று அண்ணன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் இருவரும் அந்தப் போலீஸ் சாவடியில் இறங்கினோம். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நிழலில் பாட்டில் நின்றுகொண்டிருந்தது.

"எடுத்துக்கினு போய்யா" என்றார் ஏட்டு. "சரக்கு இல்லன்னு தெரிஞ்சிபோச்சி. நாக்குல வெச்சிப் பாத்தோம். உப்பு கொஞ்சம் கம்மி."

அண்ணன் பாட்டிலைக் குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். எண்ணெய் மேலே வரவில்லை. நேற்று அடித்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. பாட்டிலை நிமிர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கடல மேல தப்பு இல்லப்பா."

"ஆமாண்ணே."

"நாம எங்க வெச்சிக்கினு போறோம்?"

இன்ஜின் மேல். அந்தச் சூட்டில் அப்பளமே பொரியும். மரியாதைக்குக் கிடைத்த இடத்தில் தினமும் கடலையைக் காய்ச்சிக்கொண்டு போயிருக்கிறோம்.

ராத்திரி முழுக்க வெளியே நின்றதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. சாயந்தரம் மிஷினை அவரே கழுவி, ஏட்டு சொன்னபடி உப்பு ஒரு சிட்டிகை கூட்டிப் புதிதாக அடித்தார். ஈரத் துண்டு சுற்றிக் கடைசி சீட்டில், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவருக்கு மனத்தாங்கல். "மரியாதையா எடம் குடுத்தா பின்னாடி போய் குந்திக்கினியே." வழியெல்லாம் அண்ணன் ஒரு தடவைகூடக் குலுக்கவில்லை. ஒரு கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அடுத்த நாள் காலை எனக்குப் பிந்தின பஸ்ஸில் வந்து பேக்கரிக்குள் நுழைந்தார். கிரீம் மேஜை மேல் என் எதிரில் பாட்டிலைத் தலைகீழாக வைத்தார். காலி. கழுத்துக்குள் விரல் விட்டு வழித்த தடம் இருந்தது.

"கஞ்சில கலந்து குடுத்தீங்களா?"

"கஞ்சியில்லாம சாப்ட்டாப்பா. இன்னும் இருக்குதான்னு கேட்டா."

உள்ளே இருந்து முதலாளி குரல் வந்தது: "மிஷினக் கழுவினானா அவன்?"

அன்றைக்கும் ஒரு பாட்டில் அடித்துக்கொண்டு அண்ணன் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸுக்கே ஓடிவிட்டார். அந்த அவசரத்தில் மறுநாளைக்குக் கடலை ஊறப்போட மறந்துவிட்டார். எல்லோரும் போனபின் நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டப்பாவிலிருந்து கடலையை எடுத்தேன். காதருகே வைத்து ஒரு தடவை குலுக்கிப் பார்த்தேன். பிறகு தண்ணீரில் போட்டு, மேலே ஒரு பிடி கூடப் போட்டு மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.